மனிதரும் விலங்கும் – 23: இரவல் கொம்பு

கம்பத்தில் எங்கள் தாத்தா வீட்டு முன்கட்டுச் சுவரில் ஒரு கடமான் கொம்பு இருந்தது. கருத்த பலகை, அதில் மரத்தில் செதுக்கிய சின்ன மான்முகம், அதன் உச்சியிலிருந்து இருபுறமும் வளைந்தேறும் கொம்புகள். பக்கத்துக்கு மூன்று முனை. ஒன்றில் தாத்தாவின் குடை தொங்கும், ஒன்றில் சித்தப்பாவின் சட்டை, ஒன்றில் சாவிக்கொத்து. இடப்பக்கக் கீழ்முனையை மட்டும் விரல் நீளத்துக்கு யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். அந்தத் துண்டு அப்பத்தாவின் உரைமருந்துப் பெட்டியில் வசம்போடும் ஜாதிக்காயோடும் கிடந்தது. பிள்ளைகளுக்கு நெஞ்சில் சளி கட்டினால் உரைகல்லில் நாலு இழைப்பு இழைத்துப் பற்றுப் போடுவார்.

வீட்டில் யாராவது எகிறிப் பேசினால் அவர் அந்தச் சுவரைத்தான் காட்டுவார். "உனக்கென்ன கொம்பா மொளைச்சிருக்கு? அந்தா, கொம்பு செவுத்துல இருக்கு பாரு."

தமிழில் கொம்பு முளைப்பது திமிருக்குப் பெயர். பெரிய ஆள் என்றால் கொம்பன். சண்டைக்கு ஏற்றிவிடுவது கொம்பு சீவுவது. ஐரோப்பாவில் இதே கொம்பு வேறு திசையில் போனது. மனைவி இன்னொருவரோடு பழகினால் கணவனுக்குக் கொம்பு முளைத்துவிட்டது என்பார்கள். இத்தாலியில் ஒருவரைப் பார்த்து ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டினால் இன்றைக்கும் அடிதடி வரலாம். ஓரிடத்தில் பெருமை, ஓரிடத்தில் அவமானம். இருக்கட்டும். மனிதத் தலையில் கொம்பு என்ற எண்ணம் எப்போது வந்தது?

சென்ற வாரம் கிரீட் தீவின் காளைகளோடு நிறுத்தியிருந்தோம். காளையின் கொம்புக்கு உள்ளே எலும்பு, வெளியே நகம்போன்ற உறை. முளைத்தால் சாகும்வரை தலையிலேயே இருக்கும். ஆட்டுக்கும் அப்படித்தான், நம்மூர் இரலைக்கும் அப்படித்தான். சிலம்ப ஆசான்கள் மான்கொம்பு என்று சொல்லிச் சுற்றுகிற ஆயுதம், இரலையின் முறுக்குக் கொம்பு இரண்டை எதிரெதிர்த் திசையில் பிணைத்தது. அது கிளை விடாது, உதிரவும் உதிராது.

புள்ளிமானும் கடமானும் வேறு கணக்கு. அவற்றின் கொம்பு முழுக்க எலும்பு. வளரும் காலத்தில் மேலே மெல்லிய மயிர்த்தோல் போர்த்தியிருக்கும். அதற்குள் இரத்தம் ஓடும். தொட்டால் சூடாக இருக்கும். பெரிய மான் இனங்களில் ஒரே நாளில் 2 செ.மீ. வரைகூட வளரும். பாலூட்டிகளின் உடம்பில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறில்லை. வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து கிழியும். மான் அதை மரத்தில் தேய்த்து உரித்துப்போடும். இணைசேரும் பருவம் முடிந்து ஆண்மைச் சுரப்பு இறங்கியதும், கொம்பின் அடியில் எலும்பு அரித்து, ஒரு நாள் நடக்கிற நடையிலேயே கழன்று விழும். பிறகு மறுபடி முதலிலிருந்து. பிணைமானுக்கு இந்தப் பாடு இல்லை. வடதுருவத்துத் துருவ மானில் மட்டும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு.

ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் இரண்டு சொற்கள். தமிழில் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றுக்கு மரக்கிளை என்றும் பொருள். கிளை விடுவதும் உதிர்ந்து தளிர்ப்பதும் மரத்தின் வேலை. கொம்பு என்று முதலில் பெயர் வைத்தவர் காளையைப் பார்த்து வைக்கவில்லை, மானைப் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்பது என் ஊகம். மொழியறிஞர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆக, மானுக்கே அது ஓராண்டு இரவல். அந்த இரவலை மனிதன் மறு இரவல் வாங்கினான்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஸ்கார்பரோ கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஸ்டார் கார் என்று ஓர் இடம் இருக்கிறது. இன்று பார்த்தால் மாடு மேயும் தட்டையான வயல். 11,000 ஆண்டுகளுக்கு முன் அது ஓர் ஏரிக்கரை. பனியுகம் முடிந்து பிர்ச் மரங்கள் திரும்பத் தலைகாட்டிய காலம். கேம்பிரிட்ஜின் கிரகாம் கிளார்க் 1949 முதல் 1951 வரை அங்கே தோண்டினார். கரையோரச் சேறு காற்றுப் புகாமல் மூடி வைத்திருந்ததால் மரமும் எலும்பும் கொம்பும் கெடாமல் கிடைத்தன. கொம்பில் செதுக்கிய ஈட்டிமுனைகள் ஏறக்குறைய இருநூறு. அவற்றோடு 21 விசித்திரமான பொருள்கள்.

சிவப்பு மானின் மண்டையோட்டு மேல்பாகம், கொம்போடு. முகத்தை வெட்டிவிட்டிருக்கிறார்கள். உள்விளிம்பைச் செதுக்கி வழவழப்பாக்கியிருக்கிறார்கள். கொம்பை முழுசாக விடாமல் நீளத்தைக் குறைத்து, பக்கவாட்டில் இழைத்து, எடையைக் குறைத்திருக்கிறார்கள். நெற்றி எலும்பில் துளைகள். வாரைக் கோத்துத் தலையில் கட்டிக்கொள்ள என்பதைத் தவிர அந்தத் துளைகளுக்கு வேறு காரணம் தோன்றாது.

எதற்குக் கட்டினார்கள்? மானை நெருங்க வேடர்கள் போட்ட வேடம் என்று ஒரு சாரார். சடங்குக் கிரீடம் என்று இன்னொரு சாரார். கிளார்க் இரண்டுக்கும் இடம் வைத்தார். வேட்டை வேடம் என்ற வாதம் எனக்குப் பொருந்தவில்லை. மானை ஏமாற்றக் கொம்பு மட்டும் போதாது, வாசனையை மறைக்க வேண்டும்; காட்டில் ஒரு நாள் நின்றவருக்கே அது தெரியும். அதுவும் போக, புதருக்குள் பதுங்கிப் போகிறவன் தலையில் புதரில் மாட்டுகிற சாமானைக் கட்டிக்கொள்வானா?

சடங்கு என்பவர்களுக்குத் துணையாக ஒரு படம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் நகர மேயராக இருந்த நிக்கோலாஸ் விட்சன் 1692இல் வடக்கு, கிழக்கு ஆசியா பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் சைபீரியாவின் துங்கூஸ் மக்களின் பூசாரி ஒருவர் தோலாடை உடுத்து, தலையில் கிளைக்கொம்பு தரித்து, கையில் தட்டு மேளத்தோடு ஆடுகிறார். விட்சனின் குறிப்பு அவரைச் சைத்தானின் பூசாரி என்கிறது. கூடவே ஷாமன் என்ற சொல்லையும் தருகிறது. உலகம் முழுக்கச் சாமியாடிகளுக்கு வழங்கும் அந்தச் சொல் துங்கூஸ் மொழியிலிருந்து போனதுதான். பின்னாளில் சைபீரிய ஷாமன்கள் இரும்பிலேயே கொம்பு அடித்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். ரஷ்ய அருங்காட்சியகங்களில் அந்த இரும்புக் கிரீடங்களைக் காணலாம்.

யார்க்‌ஷயருக்கும் சைபீரியாவுக்கும் இடையே பத்தாயிரம் ஆண்டு இடைவெளி இருக்கிறது. ஒன்றை வைத்து இன்னொன்றை நிறுவ முடியாது. ஆனாலும் அந்த மண்டையோட்டுத் துளைகளைப் பார்த்தபின் விட்சனின் படத்தைப் பார்த்தால் கண் ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது. ஸ்டார் காருக்கு ஒரு சோகமும் உண்டு. சுற்றுவட்டார வயல்களுக்கு வடிகால் வெட்டியதில் சேறு காய்ந்து புளித்து, பிற்காலத்தில் தோண்டியபோது சில எலும்புகள் கூழாக வந்தன. பதினோராயிரம் ஆண்டு தாங்கியதை ஐம்பது ஆண்டு வடிகால் கரைத்துவிட்டது.

சைபீரியா என்றதும் அல்த்தாய் மலைக்குப் போக வேண்டும். ரஷ்யா, கசகஸ்தான், சீனா, மங்கோலியா நான்கும் முட்டிக்கொள்ளும் இடம். அங்கே பாசிரிக் பள்ளத்தாக்கில், இரண்டாயிரத்து முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் நாடோடித் தலைவர்களைப் புதைத்த கற்குவியல்கள் இருக்கின்றன. குழிக்குள் இறங்கிய நீர் உறைந்து, பிறகு உருகவே இல்லை. அதனால் பட்டுப்போகிற எதுவும் பட்டுப்போகவில்லை: கம்பளம், சேணம், குதிரை மயிர், மனிதத் தோல் எல்லாம் அப்படியே இருந்தன. 1929இல் மிகயில் கிரியாஸ்னோவ் முதல் கற்குவியலைத் திறந்தபோது தலைவனோடு புதைத்த பத்துக் குதிரைகள் கிடைத்தன. ஒரு குதிரையின் முகத்தில் முகமூடி. முகமூடியின் உச்சியில் தோலால் செய்த அலங்காரம். நிஜ மானுக்குள்ள அளவில் கிளைக்கொம்பு.

குதிரைக்கு மான் வேடம். இதை விளக்க எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். குதிரையைப் பழக்குமுன் துருவ மானில் ஏறித் திரிந்த காலத்தின் நினைவு, சாவுப் பயணத்துக்குப் பழைய ஊர்தியே ஆகும் என்று குதிரைக்கு மான்முகம் கட்டினார்கள் என்பது பழைய விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. நான் இதை இன்னும் எளிதாகப் பார்க்கிறேன். நம்மூரில் கோயில் வாகனங்களில் குதிரைக்கு இறக்கை வைத்து, சிங்கத்துக்குத் துதிக்கை வைத்து யாளி ஆக்கவில்லையா? இந்த உலகத்துக் குதிரை இந்த உலகத்தில்தான் ஓடும். அந்த உலகத்துக்குப் போக அதற்கு இன்னொன்று தேவை. இறந்து மீண்டும் முளைக்கிற ஒரே உறுப்பு மானிடம் இருந்தது, வாங்கி வைத்தார்கள்.

அதே மக்களின் தோலிலும் கொம்பு இருந்தது. 1993இல் உக்கோக் பீடபூமியில் நத்தாலியா பொலோஸ்மாக் ஓர் இளம்பெண்ணின் உறைந்த உடலைக் கண்டெடுத்தார். லார்ச் மரத்தைக் குடைந்த பெட்டி. பக்கத்தில் ஆறு குதிரைகள். பெண்ணின் இடத்தோளில் பச்சை: உடல் மானுடையது, மூக்கு கழுகுடையது, கொம்பின் ஒவ்வொரு முனையிலும் ஒரு பறவைத்தலை. கொம்பே ஒரு மரம், மரத்தில் பறவைகள். அல்த்தாய் மக்கள் அந்தப் பெண்ணைத் தங்கள் மூதாட்டி என்று கொண்டாடி, திருப்பித் தரச்சொல்லி ஆண்டுக்கணக்கில் கேட்டு, 2012இல் தங்கள் ஊரான கோர்னோ-அல்த்தாய்ஸ்க் அருங்காட்சியகத்துக்கு வரவழைத்தார்கள்.

இவர்களுக்கும் முந்தியவர்கள் மங்கோலியப் புல்வெளியில் கல்லில் மான் செதுக்கியவர்கள். அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கற்கள் நிற்கின்றன, சில நாலு மீட்டர் உயரம். மான்கள் கல்லைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகின்றன. மூக்கு அலகாக நீள்கிறது. கொம்பு முதுகு முழுக்க அலையலையாகப் பின்னால் ஓடுகிறது. கல்லின் மேற்பகுதியில் காதணி, இடுப்பில் வார், வாரில் ஆயுதம். அதாவது அது கல் இல்லை, ஆள். ஊர் எல்லையில் நடுகல் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கருங்கடல் பக்கம் வந்த சிதியர்கள் இதே மானைப் பொன்னில் வார்த்தார்கள். கூபான் பகுதியில் 1897இல் கிடைத்த கோஸ்த்ரோம்ஸ்கயா மான் கால்களை மடித்துப் படுத்து, கழுத்தை நீட்டி, கொம்பை முதுகின்மேல் சுருள் சுருளாகப் பரத்தியிருக்கிறது. இப்போது பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிட்டேஜில் இருக்கிறது. படுத்திருக்கிறதா பறக்கிறதா என்று நிபுணர்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை.

இரவலில் உச்சம் சீனத்தில்தான். 1978இல் ஹூபெய் மாநிலத்தில் கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிற்றரசரின், செங் நாட்டு யீ என்பவரின், கல்லறையைத் திறந்தார்கள். 65 வெண்கல மணிகள் கொண்ட இசைக்கருவிக்காக உலகப் புகழ்பெற்ற கல்லறை. அதில் பெட்டிக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றது ஒரு வெண்கல நாரை. உயரம் 143 செ.மீ. மெல்லிய கால், விரித்த சிறகு, நீண்ட கழுத்து, தலையில் இரண்டு கிளைக்கொம்பு! வளைந்து மேலேறி வட்டமாகக் கூடும் அந்தக் கொம்பைப் பார்த்தால் பறவையின் தலையில் அது அபத்தமாகத் தோன்ற வேண்டும். தோன்றவில்லை. செய்தவன் கைகாரன். அந்தப் பக்கத்துச் சூ நாட்டுக் கல்லறைகளில் நாக்கைத் தொங்கவிட்ட மரப் பூதங்கள் காவல் நிற்கும். அவற்றின் தலையிலும் மான்கொம்பு, அதுவும் அசல் கொம்பு. சீன டிராகனின் தலையிலிருப்பதும் மானின் கொம்புதான் என்பது அவர்களின் பழைய ஓவிய இலக்கணம். பிறகு வந்த சீனர்கள் மானை வேறு காரணத்துக்கும் விரும்பினார்கள்: மானுக்கும் அரசுச் சம்பளத்துக்கும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. உத்தியோகம் பார்க்கிறவர் வீட்டில் மான் படம் மாட்டினால் வாழ்த்து முடிந்துவிடும்.

ஐரோப்பாவில் கொம்பு ஒரு கடவுளின் தலையில் ஏறியது. 1711இல் பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயத்துக்கு அடியில் தோண்டியபோது ஒரு தூணின் கற்கள் வந்தன. ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்தில் சேன் ஆற்றுப் படகோட்டிகள் நட்ட தூண். அதில் ஒரு கல்லில் மான்கொம்புள்ள தாடிக்காரர். ஒவ்வொரு கொம்பிலும் ஒரு கழுத்து வளையம் தொங்குகிறது. எங்கள் வீட்டுக் குடையும் சாவிக்கொத்தும் எனக்கு உடனே நினைவுக்கு வந்ததை மறைக்கவில்லை. தலைக்கு மேலே பெயர்: கெர்னுன்னோஸ். தெய்வப் பெயர் எழுத்தில் கிடைத்த அரிய இடம் அது.

டென்மார்க்கில் 1891இல் கரிச்சேறு வெட்டியவர்கள் கண்ட குண்டெஸ்ட்ரூப் வெள்ளிக் கொப்பரையிலும் அவர் மாதிரி ஒருவர் இருக்கிறார். ஒரு கையில் வளையம், மறு கையில் ஆட்டுக்கொம்புப் பாம்பு, பக்கத்தில் அவருடையதைப்போலவே கொம்புள்ள மான், சுற்றி மற்ற விலங்குகள். அவர் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். மொகஞ்சதாரோவின் கொம்புத் தலைப்பாகை முத்திரையைப் பார்த்தவர்கள் இந்த இடத்தில் துள்ளி எழுவார்கள். எழுந்து எத்தனையோ புத்தகம் எழுதியும் இருக்கிறார்கள். கொஞ்சம் உட்கார வேண்டும். சிந்து முத்திரையில் இருப்பது எருமைக்கொம்பு. கொப்பரைக்கும் அதற்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டு. சம்மணமிட்டு உட்கார நாற்காலி இல்லாத எந்த ஊர்க்காரனுக்கும் தெரியும்.

கிறிஸ்தவம் வந்ததும் கொம்புச் சாமிக்கு வேலை போயிற்று. கொம்புக்குப் போகவில்லை. ரோமப் படைத்தலைவன் ஒருவன் வேட்டையில் ஒரு பெரிய கலைமானைத் துரத்துகிறான். மான் திரும்பி நிற்கிறது, கொம்புகளுக்கு நடுவே சிலுவை ஒளிர்கிறது, குரல் கேட்கிறது, அவன் மனம் மாறி யூஸ்டேஸ் என்ற புனிதர் ஆகிறான். 15ஆம் நூற்றாண்டில் இதே கதையை லியேஜ் நகர ஆயர் ஹூபர்ட்டின் கணக்கிலும் எழுதிவிட்டார்கள். ஹூபர்ட் 727இல் இறந்தவர், நிஜமாக வாழ்ந்தவர். அவர் காலத்து எழுத்துகளில் மான் எதுவும் இல்லை. கதையே கொம்புபோல ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறியது. இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ வரைந்த யூஸ்டேஸ் இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறார்: இருண்ட காடு, பொன்னாடைக் குதிரைவீரன், இரைக்காக வந்த நாய்களுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. சிலுவை சுமந்த அந்த மானை மதுக்கடைக்குப் போகும் வாசகர்கள் பச்சைப் புட்டி ஒன்றிலும் பார்த்திருக்கலாம். ஜெகர்மைஸ்டர் என்றால் வேட்டைத் தலைவர் என்று பொருள். மனம் மாறி வேட்டையை விட்ட கதை, வேட்டைக்காரர்களின் காவல் புனிதரையும் அவர்கள் குடிக்கும் சாராயத்தின் முத்திரையையும் தந்ததில் எனக்கு ஒரு சிரிப்பு உண்டு.

இதுவரை கொம்பு யாராவது ஒருவர் தலையில் இருந்தது. ஆள், குதிரை, நாரை, சாமி, யார் தலையானாலும் தலை. அது சுவருக்குப் போன கதை வேறு. அதைச் சொல்ல ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்திலுள்ள மோரிட்ஸ்புர்க் அரண்மனையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஏரி நடுவே நாலு கோபுரத்தோடு நிற்கும் வேட்டை மாளிகை. சாக்சனியை ஆண்ட, வலியவர் என்று பட்டம் கொண்ட ஆகஸ்ட் 18ஆம் நூற்றாண்டில் அதை இன்றைய உருவுக்குக் கொண்டுவந்தார். உணவுக் கூடத்தில் சிவப்பு மான் கொம்புகள் 71. அவற்றில் ஒன்று 19.8 கிலோ, சிவப்பு மான் கொம்புகளில் உலகிலேயே கனமானது என்கிறார்கள். சாப்பிடுகிறவர்களை நாலு சுவரிலிருந்தும் எழுபத்தொரு மரத்தலைகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

பக்கத்தில் இன்னொரு கூடம். அதற்குப் பெயரே விகாரக் கூடம். நோயாலும் காயத்தாலும் கோணலாக வளர்ந்த கொம்புகள் மட்டும். அதில் நடுநாயகம் 66 முனைக் கொம்பு. நம் கடமானுக்குப் பக்கத்துக்கு மூன்று முனைதான், புள்ளிமானுக்கும் அவ்வளவே. மத்திய இந்தியாவின் பாராசிங்காவுக்குப் பன்னிரண்டு என்பதுதான் பெயரிலேயே பெருமை. 66 எப்படி? உள்ளங்கையை விரித்ததுபோல விரிந்து, விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன முனை. அந்த மானை 1696இல் பிராண்டன்புர்க் ஆட்சியாளர் மூன்றாம் ஃப்ரீட்ரிக் சுட்டார். அவர் மகன் பிரஷ்ய அரசன் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்முக்குக் கொம்பில் ஆசை இல்லை, உயரமான படைவீரர்கள்மேல் பைத்தியம். ஆகஸ்ட் ஒரு கம்பெனி உயரமான கிரெனடியர் வீரர்களைக் கொடுத்து இந்தக் கொம்பை வாங்கினார் என்பது அரண்மனை வழிவழியாகச் சொல்லும் கதை. ஒரு கொம்புக்கு ஒரு கம்பெனி ஆட்கள். வீரர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சுவரில் ஏறிய கொம்பு பிறகு கூரையில் தொங்கியது, தரையில் நாற்காலி ஆனது. ஜெர்மானியர்கள் கொம்பை முதுகுப்புறச் சிறகாக வைத்து முன்னால் மரத்தில் ஒரு பெண்ணைச் செதுக்கி, அதில் மெழுகுவத்தி ஏற்றினார்கள்; அப்படியொரு விளக்குக்கு ஆல்பிரெக்ட் டியூரர் 1513இல் வரைந்த வரைபடம் வியன்னாவில் இருக்கிறது. 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் ஹாம்பர்க் நகரத்து ராம்பெண்டால் கொம்பிலேயே செய்த நாற்காலிகளைக் காட்டினார். விக்டோரியா அரசியின் ஆஸ்போர்ன் மாளிகையில் கொம்பு அறை என்றே ஓர் அறை உண்டு. உட்காரச் சுகமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 1892இல் லண்டனின் ரோலண்ட் வார்ட் வேட்டைக் கொம்புகளின் நீளத்தை அங்குலம் அங்குலமாகப் பட்டியலிட்டு நூல் வெளியிட்டார். இந்தியாவில் இருந்த துரைமார்கள் அந்தப் பட்டியலில் இடம்பிடிக்க நாடாவோடு அலைந்தார்கள். நம் மலைகளின் கடமான் சுவருக்குப் போனது இப்படித்தான். துரை செய்ததை ஜமீன் செய்தது. ஜமீன் செய்ததை மிராசு செய்தார்.

ஜப்பானில் கொஞ்சம் ஆறுதல். தொக்குகவா இயெயாசுவின் தளபதி ஹோண்டா தடகாட்சு பெரிய கிளைக்கொம்பு வைத்த கறுப்புத் தலைக்கவசத்தால் பெயர் பெற்றவர். ஓவியங்களில் பார்த்தால் ஒரு மானையே கவிழ்த்தது போலிருக்கும். தலைக்கவசம் இன்றும் இருக்கிறது. கொம்பு கொம்பில்லை, காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி அரக்கு பூசியது. போர்க்களத்தில் கழுத்து நோகாமல் இருக்கவேண்டுமே.

எனக்குப் பிடித்த கொம்புகள் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்‌ஷயரில், ஆபட்ஸ் புரோம்லி என்ற கிராமத்தில் இருக்கின்றன. மாதா கோயில் சுவரில் ஆறு ஜோடி மாட்டியிருக்கும். செப்டம்பர் 4க்குப் பின் வரும் முதல் ஞாயிறுக்கு மறுநாள் காலையில் அவற்றை இறக்குவார்கள். ஆறு பேர் ஆளுக்கொரு ஜோடியைத் தோளில் தாங்குவார்கள். கூடவே ஒரு கோமாளி, பொய்க்கால் குதிரை மாதிரி ஒருவர், வில்லோடு ஒரு பையன், பெண் வேடமிட்ட ஆண் ஒருவர், ஒரு கைப்பெட்டி வாத்தியம், ஒரு முக்கோணத் தாளம். கரகாட்டமும் பொய்க்கால் குதிரையும் பார்த்த கண்ணுக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை. மூன்று வெள்ளைக் கொம்பும் மூன்று பழுப்புக் கொம்பும் எதிரெதிர் வரிசையாக நின்று, முட்டுவதுபோல முன்னேறி, பின்வாங்கி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கடக்கும். ஊர் ஊராக, பண்ணை பண்ணையாக நாள் முழுக்க ஆடி, இருட்டும் வேளையில் கோயிலுக்குத் திரும்பும். கனமான ஜோடி 11 கிலோவுக்கு மேல்.

1686இல் ராபர்ட் பிளாட் தன் ஸ்டாஃபர்ட்‌ஷயர் நூலில் இந்த ஆட்டத்தை எழுதிவைத்தார். வசூலான காசு கோயில் மராமத்துக்கும் ஏழைகளுக்கும் போனது என்கிறார். ஆனால் கொம்புகள் ஆட்டத்தின் எழுத்துச் சான்றைவிட மிகப் பழையவை. 1970களில் ஒன்றிலிருந்து சுரண்டிய துகளைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பினார்கள். விடை: 11ஆம் நூற்றாண்டு. அதைவிட வியப்பு, அவை துருவ மானின் கொம்புகள். 11ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் துருவ மான் கிடையாது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து எவரோ கடல் வழியே கொண்டுவந்திருக்க வேண்டும். யார், எதற்கு என்று ஊருக்கு நினைவில்லை. நினைவில்லாமலே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கொம்பு ஆண்டுக்கு ஒரு நாள் சுவரிலிருந்து மனிதரிடம் திரும்புகிறது, அதனால்தான் பிடிக்கிறது.

சரி, கம்பத்துக்கு வருவோம்.

தாத்தா மேகமலையில் தனியாளாகப் போய்ச் சுட்ட மான் என்பது எங்கள் வீட்டுக் கொம்பின் கதை. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் வந்தவர்களிடம் அதைச் சொல்வார்கள். தூரம் வருஷத்துக்கு வருஷம் கூடும். தாத்தா இருந்தவரை மறுத்ததில்லை. ஆமோதித்ததும் இல்லை, வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

மான்கொம்பின் அடியில் மோதிரம் போல முண்டும் முடிச்சுமாக ஒரு வளையம் இருக்கும். சுட்ட மானின் கொம்பென்றால் அந்த வளையத்துக்குக் கீழே ஒரு குட்டைக் காம்பும் மண்டையோட்டுத் துண்டும் ஒட்டியிருக்கும். அறுத்த தடம் தெரியும். தானாக உதிர்ந்ததென்றால் வளையத்தோடு முடிந்துவிடும். அடிப்பகுதி சொரசொரப்பாக, லேசாகப் புடைத்து, பிய்த்தெடுத்த பலாச்சுளையின் காம்பு மாதிரி இருக்கும். ஸ்டார் கார் பற்றிப் படிக்கும்போதுதான் இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. வீட்டைப் பாகம் பிரித்து வெள்ளையடிக்கப் பலகையை இறக்கிய அன்று சித்தப்பாவும் நானும் மரமுகத்தின் பின்னாலிருந்த ஆணிகளைக் கழற்றினோம்.

இரண்டு கொம்பும் வளையத்தோடு முடிந்தன. அதுவும் ஒரே மானுடையவை அல்ல. ஒன்று மற்றதைவிட விரற்கடை பருமன்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பொறுக்குனதுதானாடா?" என்றார். "யார்ட்டயும் சொல்லிராத."

சொல்லிவிட்டேன், சித்தப்பா. கொம்பும் இப்போது வீட்டில் இல்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சுட்டதானாலும் உதிர்ந்ததானாலும் மான்கொம்பு அரசின் சொத்து. உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பது குற்றம். எழுதிக் கொடுத்து ஒப்படைத்தோம். அப்பத்தாவின் உரைமருந்துத் துண்டையும் சேர்த்துத்தான். மலைப்பாதையில் உதிர்ந்த கொம்பு கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். அது முள்ளம்பன்றி கொறித்துத் தின்னும் சுண்ணாம்பு.

அடுத்த வாரம்: யானைத் தந்தம்.

(தொடரும்)